பிப்ரவரியில் எங்கள் தெருவில் மத நல்லிணக்கச் சந்திப்பு: பொன்னாடை, போட்டோவோடு முடிந்துவிடாமல் எப்படி நடத்துவது?

கேள்வி: கல்மண்டபம் இரவுப் பாடசாலை

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஓர் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மண்ணடிக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தை உலக சமய நல்லிணக்க வாரமாக ஐ.நா. பொதுச்சபை 2010இல் அறிவித்தது. ஜோர்டான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்வைத்த யோசனை அது. அதையொட்டி எங்கள் தெருவில் பெற்றோர்களை வைத்து ஒரு சந்திப்பு நடத்த ஆசைப்படுகிறோம்.

ஆனால் தயக்கமும் இருக்கிறது. போன வருடம் எங்கள் வட்டாரத்தில் ஓர் அமைப்பு இதே மாதிரி கூட்டம் போட்டது. ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஓர் இமாம் பேசினார்கள். மூன்று பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். கை கோத்து நின்றார்கள், போட்டோ எடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து, ஒரு கோயில் வாசலில் வேண்டுமென்றே இறைச்சிக் கழிவைக் கொட்டிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பக்கமும் பையன்கள் கூடிவிட்டார்கள். குப்பை வண்டியில் இருந்து சிந்தியது என்று மறுநாள்தான் தெரிந்தது. அந்த ராத்திரியில் மேடையில் கை கோத்த யாரையாவது கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம் என்றால், அவர்களில் ஒருவரிடமும் மற்றவர் போன் நம்பர் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். யாரைக் கூப்பிடுவது, எதைப் பேசுவது, பொதுப் பிரார்த்தனை வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: தண்டையார்பேட்டை டீச்சர்

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் போன் நம்பர் விஷயம்தான். மாநகராட்சிப் பள்ளியில் பல வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்த வட்டாரத்தில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வத்திக்கான் 1991இல் வெளியிட்ட ஓர் ஆவணம் சமய உரையாடலை நாலு விதமாகச் சொல்கிறது. பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்து நல்லது கெட்டதில் கலந்துகொள்வது முதலாவது. சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது அடுத்தது. படித்தவர்கள் உட்கார்ந்து கொள்கை பேசுவதும், அவரவர் ஜெப தவத்தில் கண்டதைப் பகிர்ந்துகொள்வதும் மற்ற இரண்டு. மேடை போட்டு நாம் நடத்துவது மூன்றாவது ரகம், அதையும் இருபது நிமிடத்தில் முடிக்கிறோம். வடசென்னைக்காரர்களுக்கு முதல் இரண்டும் கைவந்த விஷயம். கோடையில் தண்ணீர் லாரி வரும்போது குடத்தை யார் முதலில் வைப்பது, பிரசவித்த வீட்டுக்கு எத்தனை குடம் கூடுதலாக விடுவது என்று எங்கள் தெருப் பெண்கள் பேசி முடிவு செய்தபோது யாரும் மதம் கேட்கவில்லை. அந்தப் பெண்களைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, வெளியூரில் இருந்து பேச்சாளரைக் கூட்டிவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதைப் பேசுவது என்று கேட்டீர்கள். ‘மதமும் மனிதநேயமும்’ என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வீர்கள்? அக்கம்பக்கத்தார் என்ன செய்தால் உங்களுக்கு ஆறுதல், எதைச் செய்தால் சங்கடம்?

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் மாமியார் இறந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பக்கத்து பாய் வீட்டில் இருந்து தூக்கு தூக்காகக் காப்பி வந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டு அக்கா யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்திலும் உள்ள வழக்கம் என்று பிறகுதான் சொன்னார். அடுத்த வருடம் அந்த வீட்டுப் பெரியவர் மௌத்தானபோது நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போகலாமா, முகம் பார்க்கலாமா, மாலை போடலாமா, ஒன்றும் தெரியவில்லை. அக்காவே வந்து கையைப் பிடித்துப் பெண்கள் இருந்த அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மாலை வேண்டாம், வந்ததே போதும் என்றார். இத்தனை வருடம் சுவருக்குச் சுவர் வாழ்ந்தும் அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் சாவுக்குப் பறை அடித்து, பூ வீசி, கானா பாடி எடுத்துப்போவார்கள். அதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அந்தப் பாட்டு அவர்களுக்கு என்ன என்பதைப் பாடுகிறவரே சொல்லிக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். பதினாறாம் நாள் காரியம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா, முப்பதாம் நாள் பூசை என்று பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு பாட்டியும் ஒரு மணி நேரம் பேசுவார். மறுபிறவியா, மறுமையா, உயிர்த்தெழுதலா என்கிற கொள்கைப் பேச்சும் அந்த வழியாக வந்து சேரும்.

அப்புறம், மூன்று விதிகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இவை என் சரக்கு இல்லை. சுவீடனில் கிறிஸ்டர் ஸ்டெண்டால் என்று ஒரு லூத்தரன் ஆயர் இருந்தார். 1985இல் ஸ்டாக்ஹோமில், அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையார் கோயில் கட்ட எதிர்ப்புக் கிளம்பியபோது இவற்றைச் சொன்னார். ஒரு மதத்தைத் தெரிந்துகொள்ள அதைப் பின்பற்றுகிறவரைக் கேள், அதன் எதிரியைக் கேட்காதே. உன் மதத்தில் சிறந்ததை எடுத்து அடுத்த மதத்தில் மோசமானதோடு ஒப்பிடாதே. அடுத்தவர் மதத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்து ‘இது நம்மிடம் இல்லையே’ என்று ஏங்குவதற்கு மனதில் இடம் வை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எனக்கு அந்த ஏக்கம் ஜக்காத்தைப் பார்த்து வந்தது. ரம்ஜான் மாதத்தில் அதே அக்கா நகைப் பெட்டியைத் திறந்து, சின்ன நோட்டில் கிராம் கணக்கு எழுதி, கையிருப்புப் பணத்தையும் கூட்டி, நாற்பதில் ஒரு பங்கு என்று பிரித்து எடுத்து வைப்பார். தர்மம் நாங்களும் செய்கிறோம், மனசுக்குத் தோன்றியபோது. கொடுக்க வேண்டியதைக் கடன் மாதிரி கணக்குப் பார்த்து எடுத்து வைக்கிற அந்த ஒழுங்கு என்னைத் தொட்டது. அவர் ஏங்கியது ஆடி மாதக் கூழைப் பார்த்து. அம்மன் கோயில் அண்டா முன்னால் சொம்பு நீட்டுகிற யாரையும் நீ யார் என்று கேட்காமல் ஊற்றுகிறீர்களே என்பார். எங்கள் நோன்புக் கஞ்சியும் அப்படித்தானே என்று அவரே சேர்த்தும் கொள்வார்.

முடிந்தால் கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு பிள்ளைகளை ஒரு நடை கூட்டிப்போங்கள். உங்கள் பேட்டையில் இருப்பது வேறு எங்கே இருக்கிறது! படகுக்காரச் சமூகத்தார் கட்டிய புனித பேதுரு ஆலயம். குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியிருக்கும் தர்கா. தொண்டியில் இருந்து வந்த அந்தத் தொண்டியாரால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ‘பராபரக் கண்ணி’ பாடிய அந்த சூஃபி மேல் சரவணப் பெருமாளையர் நான்மணிமாலை பாடியிருக்கிறார். சைவப் புலவர் ஒருவர் இஸ்லாமிய ஞானியைப் பாடியது இந்த மண்ணில் அன்றைக்கே இயல்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் ஏழுகிணறு, வள்ளலார் இளமையில் வாழ்ந்த இடம். அங்கிருந்து கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாடியவர்தான் 1865இல் சமரச சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார், 1867இல் வடலூரில் பசித்தவருக்கெல்லாம் சோறு போடும் சாலையைத் திறந்தார்.

ராயபுரத்திலேயே பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இருக்கிறது, 1910இல் திறந்தது. பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது. பிள்ளைகளை வெளியே நிறுத்தி அதையும் காட்டுங்கள். ‘நம்மை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்’ என்று கேட்பார்கள். அந்த எல்லையை மதித்து வாசலில் நின்று வணங்கிவிட்டு வருவதும் நல்லிணக்கம்தான் என்று சொல்லுங்கள். எல்லாக் கதவும் எல்லாருக்கும் திறந்தால்தான் அன்பு என்று நான் நினைக்கவில்லை.

---

பதில்: மண்ணடி பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீச்சரம்மா கொள்கையைச் சொல்லிவிட்டார், நான் நடைமுறையைச் சொல்கிறேன்.

வெள்ளி மதியம் வேண்டவே வேண்டாம், ஜும்ஆ தொழுகை இருக்கும். ஞாயிறு காலை கிறிஸ்தவர்கள் ஆராதனைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அஸர் தொழுகை முடிந்த பிறகு தொடங்கி, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் முடித்துவிட்டால் எல்லாருக்கும் ஒத்துவரும். சாப்பாடு சைவமாக வைத்துவிடுங்கள். சுண்டல், டீ போதும். பிரியாணி போட்டால் சிலர் சாப்பிடாமல் எழுந்து போவார்கள், அங்கேயே ஒரு பிரிவினை வந்துவிடும்.

பொதுப் பிரார்த்தனை பற்றி. எல்லார் பிரார்த்தனையையும் கலந்து ஒன்றாக்கிச் சொல்ல வைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் என்னைப் போல் மார்க்கத்தைப் பிடிப்போடு கடைப்பிடிக்கிறவர்களுக்கு அது இடைஞ்சல். வராமல் ஒதுங்கிவிடுவார்கள். நீங்கள் வரவழைக்க வேண்டியதே அந்த ஆட்களைத்தான். 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் இதைப் பக்குவமாகக் கையாண்டார். அந்த வருடம் பிப்ரவரி 5ஆம் தேதி நம்ம சென்னையிலேயே மற்ற சமயத் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார். அக்டோபர் 27ஆம் தேதி இத்தாலியில் அசிசி நகரத்துக்கு எல்லா மதத்தாரையும் சமாதானத்துக்காகக் கூப்பிட்டார். ‘சேர்ந்து பிரார்த்திக்க இல்லை, பிரார்த்திக்கச் சேர்கிறோம்’ என்பதுதான் அன்றைய ஏற்பாடு. ஒவ்வொரு மதத்தாரும் ஊரில் தனித்தனி இடத்தில் அவரவர் முறைப்படி பிரார்த்தித்தார்கள். பிறகு ஒரே சதுக்கத்தில் கூடி, ஒருவர் பிரார்த்திக்கும்போது மற்றவர்கள் மரியாதையாக இருந்தார்கள். நீங்களும் இரண்டு நிமிட மௌனம் வையுங்கள். உள்ளுக்குள் யார் யாரை நினைத்தால் என்ன.

அப்புறம் இமாம், பாதிரியாரைக் கூப்பிடுங்கள், ஆனால் பள்ளிவாசல் செயலாளர், கோயில் தர்மகர்த்தா, விநாயகர் சதுர்த்திக்குச் சிலை வைக்கிற பையன்கள், சர்ச் இளைஞர் குழுவில் ஸ்பீக்கர் கட்டுகிறவர், இவர்களை விட்டுவிடாதீர்கள். சண்டை வந்தால் வருவது ஸ்பீக்கரில், ஊர்வலப் பாதையில், வண்டி நிறுத்துகிற இடத்தில்தான். சிலை கரைக்கக் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் ஊர்வலம் போகிற நாளில், எங்கள் பக்கத்தில் சிலை வைக்கிற தம்பி ஒருவர் முந்தின நாளே எனக்குப் போன் போடுவார்: ‘பாய், தொழுகை எத்தனை மணிக்கு முடியும்?’ நான் நேரம் சொல்வேன். அதற்கு ஏற்ற மாதிரி புறப்படுவார்கள், பள்ளிவாசலைத் தாண்டும்வரை மேளத்தை நிறுத்துவார்கள். நாங்கள் வாசலில் தண்ணீர் கொடுப்போம். காவல் நிலையத்தில் அமைதிக் குழுக் கூட்டம் நடத்துவார்கள், அதற்கும் போவோம், ஆனால் உண்மையில் வேலை செய்வது அந்த ஒரு போன்தான். ராத்திரி பத்தில் இருந்து காலை ஆறு வரை ஸ்பீக்கர் கூடாது என்று 2000ஆம் வருட விதியே இருக்கிறது. அதை எல்லா மதத்தாரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வடசென்னை மூழ்கியபோது எங்கள் பள்ளிவாசல் கூடத்தில்தான் சமையல். அரிசி ஒரு சர்ச்சில் இருந்து வந்தது, காய்கறி கொத்தவால்சாவடிப் பக்கத்து மார்வாடி வியாபாரி கொடுத்தார், படகு காசிமேட்டு மீனவர்கள் கொண்டுவந்தது. யார் எந்தத் தெருவுக்குப் போவது என்று பேசிப் பேசியே எங்களுக்குள் நெருக்கமானோம். எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்து மீனவர்கள் தவித்தபோதும் அதே ஆட்கள்தான் போனோம். அதனால் உங்கள் சந்திப்பு முடிவதற்குள் ஏதாவது ஒரு பொது வேலையைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

---

பதில்: வியாசர்பாடி வாசகன்

தோழருக்கு ஒரு விஷயம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று நாற்காலி போட்டு முடித்துவிடாதீர்கள். எங்கள் பகுதியில் பௌத்தர்கள் இருக்கிறோம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது இந்த ஊரில்தான். பெரியார் வழியில் வந்த கடவுள் மறுப்பாளர்களும் வடசென்னையில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களும் அதே தண்ணீர் லாரியில்தான் குடம் வைக்கிறார்கள்.

1893இல் சிகாகோவில் நடந்த உலக சமயப் பேரவையை விவேகானந்தர் பேசியதால் நாம் எல்லாரும் அறிவோம். அதன் நூற்றாண்டுக்கு 1993இல் அதே சிகாகோவில் கூடியபோது உலகப் பொது அறநெறி அறிக்கை ஒன்று வந்தது. வரைவு எழுதியவர் ஹான்ஸ் குங் என்கிற கத்தோலிக்க இறையியலாளர். அவர் ‘கடவுள்’ என்ற சொல் இல்லாமலேயே அதை எழுதினார், பௌத்தர்களும் மனம் ஒப்பிக் கையெழுத்துப் போட வேண்டுமே என்பதற்காக. வன்முறை கூடாது, நியாயமான பொருளாதாரம், உண்மை, ஆணும் பெண்ணும் சமம் என்று வாழ்க்கையில் செய்ய வேண்டியதைத்தான் அது பேசுகிறது. நீங்களும் அந்த மாதிரி எல்லாருக்கும் இடம் இருக்கிற வாசகமாகப் பார்த்து அழைப்பிதழ் அடியுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து ‘எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது’ என்று முடித்துவைக்காதீர்கள். சாதிக் கொடுமை தாங்காமல் 1956 அக்டோபர் 14இல் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். மதம் மாறுவது என் தாத்தாவுக்கு மானப் பிரச்சினை. எல்லாம் ஒன்றுதான் என்றால் அவர் எதற்காக மாறினார்? எங்கள் தெருவுக்குள் கோயில் தேர் வராத கதையையும், சர்ச்சில் தனி வரிசை இருந்த கதையையும் சொல்ல இடம் இருந்தால்தான் எங்கள் ஆட்கள் வந்து உட்காருவார்கள்.

---

கேள்வி கேட்டவர்: கல்மண்டபம் இரவுப் பாடசாலை

டீச்சர், பாய், தோழர், மூன்று பேருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தோழர் சொன்னதைப் படித்தபோதுதான் ஒரு பயம் வந்தது. சாதி, மதமாற்றம் எல்லாம் பேச விட்டால் அங்கேயே சண்டை மூண்டுவிடாதா? அதை யார் சமாளிப்பது?

---

பதில்: தண்டையார்பேட்டை டீச்சர்

வியாசர்பாடித் தம்பி சொன்னது நியாயம். பௌத்தரையும் கடவுள் மறுப்பாளரையும் நானே சொல்லியிருக்க வேண்டிய ஆட்கள்தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எல்லாக் காயத்தையும் முதல் நாளே திறக்க வேண்டாம். அறிமுகமே இல்லாதவரிடம் மனக்குறையைக் கொட்டினால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். முதல் சந்திப்பில் சாவு வீடு, கல்யாண வீடு, நோன்பு, விரதம். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் சாதியைப் பேசலாம், கட்டாயம் பேச வேண்டும். ஆனால் ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று தள்ளிவிடாமல் அடுத்த தேதியை அன்றைக்கே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தம்பி சந்தேகப்படுவது சரியாகிவிடும்.

மதமாற்றம் பற்றிக் கேள்வி வரும். இந்தக் கூட்டத்துக்குள் யாரும் யாரையும் தன் பக்கம் இழுக்கக் கூடாது, தான் ஏன் இந்த வழியில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லலாம். இதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். பாதி பயம் போய்விடும்.

சண்டை வராமல் வாதம் செய்வது நமக்குப் புதிதா என்ன? புகாரில் இந்திர விழா அறிவிக்கும்போது, சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறிப் பேசட்டும், பகைவரோடுகூடக் கோபமும் கலகமும் வேண்டாம் என்று முரசறைந்து சொன்னதாக மணிமேகலையில் இருக்கிறது. அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டு இன்னும் கறாராகச் சொல்கிறது: நாவடக்கம் வேண்டும், தன் சமயத்தை உயர்த்துவதற்காகப் பிற சமயத்தைத் தாழ்த்துகிறவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான். என் வகுப்பில் நான் வைத்திருந்த வழக்கம் ஒன்று இதற்கு உதவும். ஒருவர் பேசியதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்கிற மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கும் இது கஷ்டம், செய்து பாருங்கள். குரல் தானாகவே தணிந்துவிடும்.

மேடை, மைக் இரண்டும் வேண்டாம். நாற்காலியை வட்டமாகப் போட்டு, ஏழெட்டுப் பேராகப் பிரித்து உட்கார வையுங்கள். ஒரு வட்டத்தில் ஒரே வீட்டார் இருவர் வேண்டாம். பெண்கள் மட்டும் உட்காரும் வட்டம் ஒன்றாவது இருக்கட்டும், பாய் சொன்ன மாதிரி பிடிப்புள்ள குடும்பத்துப் பெண்கள் அப்போதுதான் வாய் திறப்பார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் உங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவரை எழுத வையுங்கள். எழுதியதைப் போகும் முன் அந்த வட்டத்தாருக்கே படித்துக்காட்டச் சொல்லுங்கள். போட்டோ, வீடியோ எதுவும் வெளியே போகக் கூடாது.

வெளியே போகும்போது ஒரு தாளில் தெருவுக்கு இரண்டு பேர் வீதம் பெயரும் நம்பரும் எழுதி, நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுங்கள். ‘வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் அடுத்த பக்கத்து ஆளுக்கு ஒரு போன்’ என்று அந்தத் தாளின் மேலேயே அச்சடியுங்கள். பொது வேலைக்கு என் யோசனை, மழைக்காலத்துக்கு முன்னால் உங்கள் தெருக் கால்வாய் அடைப்பை மாநகராட்சியில் சேர்ந்து போய் மனுக் கொடுத்து எடுக்க வைப்பது. கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அதிகாரிகளும் தட்டிக்கழிக்க யோசிப்பார்கள்.

தேதியை முடிவு செய்யும்போது பிளஸ் டூ செய்முறைத் தேர்வு அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் அலைச்சல் படக் கூடாது. நானும் அந்த அக்காவும் சேர்ந்து வருகிறோம். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, இடம் தரைத் தளமாகப் பாருங்கள்.